சாவி போதுமான கதவு எது, கார்டு வேண்டிய கதவு எது?

நிறுவனத்தில் பூட்டு மாற்றும் பேச்சு எழுந்தால், "எல்லாக் கதவுக்கும் கார்டு போட்டுவிடலாமா, பழைய சாவியே இருக்கட்டுமா" என்றுதான் பெரும்பாலும் கேள்வி வரும். மொத்தமாகக் கேட்டால் இதற்கு விடை இல்லை. ஒரே கட்டடத்தில் நான்கு கதவுக்கு எலெக்ட்ரானிக் பூட்டும் மீதிப் பத்துக்குச் சாதாரணச் சாவியும் என்று பிரிந்து நிற்பதே நன்றாக ஓடும். உள்ளே இருக்கும் பொருளின் மதிப்பை வைத்து இதை முடிவு செய்யப் பார்ப்பார்கள். அதைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு: அந்தக் கதவைத் திறக்க உரிமை உள்ளவர்களின் பட்டியல் ஓர் ஆண்டில் எத்தனை முறை மாறுகிறது?

கதவுப் பட்டியல் போடுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரி. அதில் எழுத வேண்டியவை: யார் யாருக்குத் திறக்க உரிமை, கடந்த ஓராண்டில் அவர்களில் எத்தனை பேர் விலகினார்கள் அல்லது வேறு பிரிவுக்கு மாறினார்கள், யார் எப்போது திறந்தார் என்று பின்னால் பார்க்க வேண்டிய தேவை வருமா, அவசரத்தில் வெளியேறும் வழியில் இந்தக் கதவு இருக்கிறதா. கூடவே கதவைப் பற்றியும் குறியுங்கள்: மரமா, கண்ணாடியா, இரும்பா, உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, டோர் குளோசர் இருக்கிறதா, இழுத்துவிட்டால் தானாக முழுவதும் சாத்திக்கொள்கிறதா.

இரண்டு மூன்று பேர் மட்டுமே திறக்கும், ஆள் மாறாத கதவுக்குச் சாவி போதும். ஜெனரேட்டர் அறை, மின் பேனல் அறை, ரோலிங் ஷட்டர், பழைய கோப்பு அறை எல்லாம் இந்த வகை. பத்துப் பேருக்கு மேல் புழங்கும், ஆண்டுக்கு மூன்று நான்கு முறையாவது ஆள் மாறும் கதவில் சாவியைக் கட்டிக்காப்பது வீண்வேலை. முதன்மை வாசலும் பொதுப் பணியறையும் அப்படிப்பட்டவை. சர்வர் அறை, மருந்து அல்லது பணம் வைக்கும் அறை போன்றவற்றில் ஆள் மாறாவிட்டாலும் யார் திறந்தார் என்ற பதிவு வேண்டியிருக்கும். அங்கும் எலெக்ட்ரானிக் பூட்டுதான்.

சாவி வழியில் போவதென்றால்

சாவியின் பலவீனம் பூட்டில் இல்லை, நகலில் இருக்கிறது. சாதாரணச் சாவியைக் கடையில் கொடுத்தால் சில நிமிடங்களில் இன்னொன்று கிடைத்துவிடும். "நகல் எடுக்கக் கூடாது" என்று சாவியில் பொறித்திருந்தாலும் யாரும் நிற்கப் போவதில்லை. இதற்குத் தீர்வு, காலிச் சாவி (பல் வெட்டாத வெறும் சாவி) வெளிச்சந்தையில் கிடைக்காத கட்டுப்படுத்தப்பட்ட வடிவச் சாவிகள். உரிமை அட்டையைக் காட்டினால்தான் தயாரிப்பாளரின் முகவர் நகல் வெட்டித் தருவார். வாங்கும்போது அந்த வடிவத்தின் காப்புரிமை எந்த ஆண்டில் முடிகிறது என்று கேளுங்கள். அது முடிந்தபின் காலிச் சாவி எவர் கைக்கும் வரலாம்.

சாவிக்குப் பெயர் வைக்காதீர்கள். "ஸ்டோர் ரூம்" என்று எழுதித் தொங்கவிட்ட சாவி தொலைந்தால், எடுத்தவருக்கு வழியையும் சொல்லிக் கொடுத்தது போலாகும். எண் மட்டும் பொறியுங்கள். எந்த எண் எந்தக் கதவு என்பது பதிவேட்டில் இருக்கட்டும். பதிவேட்டில் சாவி எண், பிரதி எண், பெற்றவர் பெயர், தேதி, கையெழுத்து, திருப்பிய தேதி என்று ஆறு பத்தி போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் சாவியை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "வீட்டில் இருக்கிறது" என்று பதில் வந்தால், மறுநாள் கண்ணில் காணும்வரை அது தொலைந்த கணக்கு.

தொலைந்தால் அன்றே சிலிண்டரை, அதாவது பூட்டில் சாவி நுழையும் பகுதியை, மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் சாவித்துளை உள்ள யூரோ வகை சிலிண்டர் என்றால் வேலை எளிது. கதவின் விளிம்பில், தாழ்ப்பாள் நாக்குக்குக் கீழே ஒரு நீளத் திருகு இருக்கும். அதைக் கழற்றி, சாவியைச் செருகிச் சற்றே திருப்பினால் சிலிண்டரின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கு உள்ளே ஒடுங்கும். சிலிண்டர் கையோடு வந்துவிடும். புதியது வாங்கும்போது மொத்த நீளத்தைச் சொன்னால் போதாது. திருகுத்துளையின் மையத்திலிருந்து இரு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து, 35-க்கு 45 மில்லிமீட்டர் என்பதுபோல் சொல்லுங்கள். கைப்பிடித் தகட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தினால், அதைப் பிடித்து ஒடித்தே திறந்துவிடுவார்கள். கையிருப்பில் எப்போதும் இரண்டு சிலிண்டர் இருக்கட்டும்.

மாஸ்டர் சாவி முறையை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். ஒரு சாவி எல்லாக் கதவையும் திறக்கும் வசதிக்காக, ஒவ்வொரு பூட்டுக்குள்ளும் சாவி தள்ளும் சிறு உலோக முள்களில் (பின்) கூடுதலாக ஒரு வெட்டு வைக்கிறார்கள். அதனால் அந்தப் பூட்டைத் திறக்கக்கூடிய சாவி வடிவங்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஒரு கதவின் சாதாரணச் சாவியும் சில காலிச் சாவிகளும் கையில் இருந்தால், அந்தப் பூட்டில் முயன்று பார்த்தே மாஸ்டர் சாவியின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2003-இல் மேட் பிளேஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கிக் காட்டினார். மாஸ்டர் சாவி தொலைந்தாலோ அதன் கீழுள்ள அத்தனை சிலிண்டரையும் மாற்ற வேண்டும். ஆகவே முக்கிய அறைகளை மாஸ்டரின் கீழ் கொண்டுவராமல் தனிச்சாவியில் விடுங்கள்.

எலெக்ட்ரானிக் பூட்டு: கதவைப் பார்த்து வகையைத் தேர்ந்தெடுங்கள்

கார்டு ரீடர் எது என்பதில் பேரம் பேசுபவர்கள் பூட்டை ஒப்பந்தக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். தொல்லை கொடுப்பது பெரும்பாலும் பூட்டுதான். புழக்கத்தில் மூன்று வகை உண்டு.

மேக்னடிக் லாக்: கதவுச் சட்டத்தின் மேற்புறம் ஒரு மின்காந்தம், கதவில் ஓர் இரும்புத் தகடு. மின்சாரம் இருக்கும்வரை பிடித்திருக்கும், போனால் விட்டுவிடும். 600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 270 கிலோ இழுவிசை தாங்கும் பூட்டு உள்ளறைகளுக்குப் போதும். வெளிவாசலுக்கு 1200 பவுண்டு போடுங்கள். அசையும் பாகம் இல்லாததால் தேய்மானம் இல்லை. வெளிப்பக்கம் திறக்கும் கதவில் நேராகப் பொருத்தலாம். உள்பக்கம் திறக்கும் கதவுக்கு எல் மற்றும் இசட் வடிவத் தாங்கிகளும், சட்டமில்லாக் கண்ணாடிக் கதவுக்கு யூ வடிவத் தாங்கியும் சேர்த்து வாங்க வேண்டும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. கதவிலுள்ள தகட்டுக்குப் பின்னால் ரப்பர் வாஷர் ஒன்று கொடுத்திருப்பார்கள். தகடு சற்று ஆடி, காந்தத்தின் முகத்தில் தானாகச் சமமாகப் படிவதற்காகத்தான் அது. பொருத்துபவர் ஆடுகிறதே என்று போல்ட்டை இறுக்கி முடுக்கிவிடுவார். தகடு ஒரு முனையில் மட்டும் ஒட்டி, மறுமுனையில் தாள் நுழையும் இடைவெளி நிற்கும். பிடிமானம் பெரிதும் குறைந்து, தோளால் இடித்தாலே திறக்கும். வேலை முடிந்ததும் கதவைச் சாத்தி, நான்கு மூலையிலும் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். எங்கும் நுழையக் கூடாது. தகட்டைக் கையால் அசைத்தால் லேசாக அசைய வேண்டும்.

எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக்: தாழ்ப்பாள் நாக்கு விழும் குழியின் ஒரு பக்கம் மின்சாரத்தில் விலகும் அமைப்பு. பழைய கைப்பிடியும் சாவியும் அப்படியே இருக்கும் என்பதுதான் இதன் பெரிய வசதி. உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பினால் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதவு திறக்கும். மரக்கதவுக்கும் இரும்புக்கதவுக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான். குறை ஒன்று உண்டு: கதவைச் சுற்றி ரப்பர் பட்டை அழுத்தமாக இருந்தாலோ கீல் தொய்ந்திருந்தாலோ நாக்கு எப்போதும் ஸ்ட்ரைக்கை நெருக்கிக்கொண்டே இருக்கும். கார்டு காட்டினால் "டக்" என்று சத்தம் வரும், கதவு திறக்காது. ஆட்கள் கதவைத் தன் பக்கம் இழுத்துத் தள்ளிப் பழகிவிடுவார்கள். பூட்டை மாற்றுவதால் இது தீராது. ஸ்ட்ரைக்கை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி அழுத்தத்தை எடுக்க வேண்டும்.

டிராப் போல்ட்: மேலிருந்து ஒரு முள் கதவுக்குள் இறங்கும். கண்ணாடிக் கதவுக்குப் பார்க்க அழகு. ஆனால் கதவு ஒவ்வொரு முறையும் துல்லியமாக அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். தரை ஸ்பிரிங் சற்றே தளர்ந்தாலும் முள் துளைக்கு வெளியே இடித்து, ஏறி இறங்கி, சுருள் சூடாகிக் கருகும். கதவு இரு பக்கமும் ஆடும் வகையாக இருந்தாலொழிய இதைத் தவிர்ப்பது நல்லது.

மின்சாரம் போனால் திறந்துவிடும் பூட்டை ஃபெயில் சேஃப் என்பார்கள், போனாலும் வெளியிலிருந்து பூட்டியே இருப்பதை ஃபெயில் செக்யூர் என்பார்கள். மேக்னடிக் லாக் எப்போதும் முதல் வகை. ஸ்ட்ரைக் இரண்டிலும் கிடைக்கும். சர்வர் அறைக்கும் கிடங்குக்கும் ஃபெயில் செக்யூர் ஸ்ட்ரைக் போட்டு, உள்ளே கைப்பிடியால் திறக்கும்படி வைத்தால் பாதுகாப்பும் வெளியேறும் வழியும் சேர்ந்தே கிடைக்கும்.

எந்த வகையாக இருந்தாலும் டோர் குளோசர் சரியில்லாத கதவில் பணம் போடாதீர்கள். கதவைப் பத்து சென்டிமீட்டர் மட்டும் திறந்து கையை எடுங்கள். அந்தச் சிறு தூரத்திலிருந்தும் தானாக வந்து முழுவதும் சாத்திக்கொள்ள வேண்டும். சாத்தாத கதவு பூட்டாத கதவு, ரீடர் எவ்வளவு விலையானாலும்.

கார்டு, கைரேகை, எண்

மலிவான கார்டுகள் 125 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவை. அதனுள் இருப்பது ஓர் எண் மட்டும். அருகில் வந்த எந்த ரீடருக்கும் அதைச் சொல்லிவிடும். எண்ணைப் படித்து வெற்றுக் கார்டில் எழுதும் கையடக்கக் கருவி இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது, வேலை சில நொடிகளில் முடியும். 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு என்றதும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அதில் மிகப் பரவலான மைஃபேர் கிளாசிக்கின் குறியாக்கத்தை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இலேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். இன்று புதிதாக வாங்குவதானால் அதைவிட வலுவான குறியாக்கமுள்ள டெஸ்ஃபயர் ஈ.வி.2 அல்லது ஈ.வி.3 கார்டு கேளுங்கள்.

கேட்டு வாங்கினாலும் ஒரு பொறி இருக்கிறது. கார்டு நல்லது, ஆனால் ரீடர் அதன் குறியாக்கப் பகுதியைத் தொடாமல் மேலோட்டமான வரிசை எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்திருப்பார்கள். அமைத்தவருக்கு வேலை மிச்சம். உங்கள் ரீடர் எந்த ரகம் என்று பார்க்கத் தொழில்நுட்ப அறிவு வேண்டாம்: உங்கள் வங்கியின் டேப் செய்யும் கார்டை ரீடரில் காட்டுங்கள். கதவு திறக்காது, ஆனால் மென்பொருளில் "தெரியாத கார்டு" என்று ஓர் எண் விழுந்தால், ரீடர் எந்தக் கார்டின் வரிசை எண்ணையும் படிக்கிறது என்று பொருள். நல்ல கார்டுக்குக் கொடுத்த காசு வீண். குறியாக்கச் சாவியை (கார்டைப் படிக்க ரீடருக்கு வேண்டிய ரகசிய எண்) உங்கள் நிறுவனத்துக்கெனத் தனியாக அமைத்துத் தரச் சொல்லி, அதன் ஒரு பிரதியை மூடிய உறையில் வாங்கி வையுங்கள். அதை ஒப்பந்தக்காரர் மட்டுமே வைத்திருந்தால், பின்னாளில் கார்டு வாங்கவும் அவரிடமே போக வேண்டும்.

கைரேகையில் கார்டை இரவல் கொடுக்கும் பழக்கம் ஒழியும். ஆனால் சிமெண்ட், ரசாயனம், ஈரம் புழங்கும் வேலையில் ரேகை தேய்ந்தோ நனைந்தோ இருக்கும். வாசலில் வரிசை நிற்கும். ஒருவருக்கு இரு கையிலிருந்தும் ஒவ்வொரு விரலாக இரண்டு பதிவு செய்யுங்கள், கார்டும் மாற்றுவழியாக இருக்கட்டும். கைரேகையைக் கார்டைப்போல் ரத்து செய்து புதிது கொடுக்க முடியாது. பல நாடுகளின் தரவுச் சட்டங்கள் இதைத் தனிக் கவனம் வேண்டிய தரவாக நடத்துகின்றன. எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், ஆள் விலகிய அன்றே அழியுங்கள். எண் அழுத்தும் கீபேட் மட்டும் என்றால், ஒரே எண்ணை எல்லாரும் பகிர்வார்கள், அந்த நான்கு பொத்தான் மட்டும் பளபளப்பாகத் தேயும். கார்டோடு சேர்த்து இரண்டாவது சோதனையாக மட்டும் வையுங்கள்.

கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சின்ன நிறுவனங்களில் ஒரே பெட்டியில் ரீடர், கைரேகை, ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) எல்லாம் சேர்ந்த கருவியை வாசலுக்கு வெளியே மாட்டிவிடுவார்கள். பூட்டைத் திறக்கும் ரிலேயும், உள்ளே இருப்பவர் வெளியே வர அழுத்தும் எக்ஸிட் பட்டனிலிருந்து வரும் கம்பிகளும் அந்தப் பெட்டிக்குள்தான் வந்து சேர்கின்றன. கீழே உள்ள ஒற்றைத் திருகைக் கழற்றி, கருவியைச் சுவரிலிருந்து எடுத்து, எக்ஸிட் பட்டனின் இரண்டு கம்பியைச் சேர்த்துத் தொட்டால் கதவு திறந்துவிடும். கார்டும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். பட்டன் அழுத்தியது என்றுதான் பதிவிலும் இருக்கும்.

ஆகவே கதவைத் திறப்பதா என்று முடிவெடுக்கும் கன்ட்ரோலர் உள்ளே, கதவுக்கு எட்டாத இடத்தில், பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். வெளியே ரீடர் மட்டும். ஏற்கெனவே ஒற்றைக் கருவி மாட்டியிருந்தால், அதற்கென்றே விற்கும் பாதுகாப்பு ரிலே மாட்யூலை உள்ளே வைத்து, பூட்டுக் கம்பியையும் எக்ஸிட் பட்டனையும் அதற்கு மாற்றலாம். வெளிக்கருவி அதனோடு குறியிட்ட செய்தியில் பேசும்; கம்பியைத் தொட்டு ஏமாற்ற முடியாது. கருவியைச் சுவரிலிருந்து பிரித்தால் அடிக்கும் டேம்பர் அலாரத்தையும் இயக்கி வையுங்கள். அது பெரும்பாலும் அணைந்தே வரும்.

ரீடர் படித்த எண்ணைக் கன்ட்ரோலருக்கு அனுப்பும் பழைய முறையின் பெயர் வீகண்ட். 26 பிட் வடிவத்தில் நிறுவனக் குறி 0 முதல் 255 வரை, கார்டு எண் 0 முதல் 65535 வரை, மீதி இரண்டு பிட் சரிபார்ப்புக்கு. குறியாக்கம் எதுவும் கிடையாது. எண் வரிசை குறுகியது என்பதால், வேறு நிறுவனத்துக்குப் போன கார்டின் எண்ணும் உங்களுடையதும் ஒன்றாக அமைய வாய்ப்புண்டு. புதிய வேலைக்கு, வீகண்டுக்கு மாற்றாக வந்த ஓ.எஸ்.டி.பி. முறையை ஆதரிக்கும் ரீடரும் கன்ட்ரோலரும் கேளுங்கள். ஆர்.எஸ்.485 கம்பியில் 1200 மீட்டர் வரை போகும், பாதுகாப்புத் தடம் இயக்கினால் ஏ.இ.எஸ்.128 குறியாக்கமும் உண்டு. இயக்கினால் என்பதைக் கவனியுங்கள், தானாக இயங்கிவிடாது.

மின்சாரக் கணக்கு

ஒரு கதவுக்கு 12 வோல்ட்டில் மேக்னடிக் லாக் சுமார் அரை ஆம்பியர், கன்ட்ரோலர் 0.2, ரீடர் 0.1, மொத்தம் 0.8 ஆம்பியர். 7 ஆம்பியர்-மணி பேட்டரியை 0.8-ஆல் வகுத்தால் எட்டே முக்கால் மணிநேரம் வரும். அப்படி நம்ப வேண்டாம். அந்தக் கொள்ளளவு 20 மணிநேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. வேகமாக இழுத்தால் குறையும், வயதானால் இன்னும் குறையும். ஆறு மணிநேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபெயில் செக்யூர் ஸ்ட்ரைக் என்றால் பூட்டு திறக்கும் சில நொடி மட்டும்தான் மின்சாரம் எடுக்கும்; மற்ற நேரம் கன்ட்ரோலருக்கும் ரீடருக்குமான 0.3 ஆம்பியர்தான், அதே பேட்டரி இரண்டரை மடங்குக்கு மேல் தாங்கும்.

பவர் சப்ளை 0.8 ஆம்பியர் சுமையோடு பேட்டரியையும் சார்ஜ் செய்ய வேண்டும். அதற்கு இன்னொரு 0.7. ஆக 1.5, கையிருப்போடு 3 ஆம்பியர் வாங்குங்கள். சாதாரண 12 வோல்ட் அடாப்டரோடு பேட்டரியை இணையாகக் கட்டிவிட்டு பேக்கப் இருக்கிறது என்பவர்கள் உண்டு. ஈய அமில பேட்டரிக்கு 13.6 முதல் 13.8 வோல்ட் வரை வேண்டும். 12-இல் அது ஒருபோதும் நிறையாது, ஓராண்டுக்குள் செத்துவிடும். சார்ஜர் உள்ள பவர் சப்ளை தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது கம்பி. நெட்வொர்க் கேபிள் மிச்சம் கிடக்கிறதே என்று அதில் ஒரு ஜோடியைப் பூட்டுக்குப் பயன்படுத்துவார்கள். 30 மீட்டர் தூரம் என்றால் போக வர 60 மீட்டர். அந்த மெல்லிய கம்பியில் மின்தடை ஏறத்தாழ 5 ஓம், அரை ஆம்பியருக்கு இரண்டரை வோல்ட் வழியிலேயே போய்விடும். பூட்டுக்கு ஒன்பதரை வோல்ட்தான் சேரும், பிடிமானம் தளரும். அதே தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. பூட்டு இயங்கும்போது, பூட்டின் முனையிலேயே மீட்டர் வைத்து அளப்பதுதான் சோதனை. பவர் சப்ளை முனையில் அளந்தால் எப்போதும் சரியாகத்தான் காட்டும்.

ரிலேயில் மேக்னடிக் லாக்குக்கு காம் (பொது முனை), என்.சி. (இயங்காதபோது இணைந்திருக்கும் முனை), ஃபெயில் செக்யூர் ஸ்ட்ரைக்குக்கு காம், என்.ஓ. (இயங்காதபோது பிரிந்திருக்கும் முனை). ஸ்ட்ரைக்கின் சுருளுக்குக் குறுக்கே 1 என் 4007 டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகம்) ஒன்றை, வெள்ளைக் கோடுள்ள முனை பிளஸ்ஸில் இருக்குமாறு போடுங்கள். இல்லாவிட்டால் அணையும்போது எழும் மின் உதைப்பு ரிலேயின் முனைகளை மெல்லக் கருக்கும், ஒருநாள் ஒட்டிக்கொண்டு கதவு திறந்தபடியே நிற்கும். மேக்னடிக் லாக்கில் பெரும்பாலும் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் டயோடு போட்டால் காந்தம் விடுவதற்குத் தாமதமாகும், கதவு பிசினில் ஒட்டியதுபோல் இழுக்கும்.

வெளியேறும் வழியும் தீ அலாரமும்

இதில் சமரசம் கிடையாது. உள்ளே இருப்பவர் கார்டு இல்லாமல், யாரையும் கேட்காமல் வெளியே வர முடிய வேண்டும். எக்ஸிட் பட்டன் கன்ட்ரோலருக்குச் செய்தி சொல்லும் பட்டன். கன்ட்ரோலர் உறைந்துபோனால் அதுவும் வேலை செய்யாது. அதனால் ஃபெயில் சேஃப் பூட்டுள்ள ஒவ்வொரு கதவிலும் பச்சை நிற பிரேக் கிளாஸ் பெட்டி ஒன்றைப் பூட்டுக்குப் போகும் மின்கம்பியிலேயே தொடராக வையுங்கள். அதை அழுத்தினால் மென்பொருள் என்ன நினைத்தாலும் மின்சாரம் அறுந்து கதவு திறக்கும். தீ அலாரப் பேனலின் ரிலேயும் அப்படியே பூட்டு மின்சாரத்தை நேரடியாக வெட்ட வேண்டும். நெட்வொர்க் வழியாகச் செய்தி அனுப்பித் திறக்கும் ஏற்பாட்டை நம்பாதீர்கள். எந்தக் கதவில் எந்தப் பூட்டு கூடும் என்பதில் உங்கள் ஊர் தீயணைப்பு விதி முடிவானது. பொருள் வாங்கும் முன்பே ஒப்புதல் பெறுங்கள்.

கை அசைத்தால் திறக்கும், ஆள் நெருங்கினால் திறக்கும் சென்சார்களைக் கதவுக்கு மேல் வைக்கும்போது கதவின் அடி இடைவெளியைப் பாருங்கள். வெளியிலிருந்து அதன் வழியே ஒரு தாளை நுழைத்து ஆட்டினால் சில சென்சார்கள் ஏமாறித் திறந்துவிடக்கூடும்.

மென்பொருளில் முதல் நாளே

தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள், கருவியிலும் மென்பொருளிலும் தனித்தனியாக. கன்ட்ரோலரை இணையத்துக்கு நேராகத் திறந்துவிடாதீர்கள். நேரம் தானாகச் சரியாகும்படி நேர சர்வரை அமையுங்கள். இருபது நிமிடம் பிந்திய கடிகாரத்தோடு கேமரா பதிவைப் பொருத்திப் பார்க்கவே முடியாது. கதவு திறக்கும் நேரம் 5 நொடி, திறந்தே கிடந்தால் 30 நொடியில் அலாரம் என்று தொடங்கி, சரக்கு ஏற்றும் கதவுக்கு மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். அலாரம் அடிக்க வேண்டுமானால் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று உணரும் காந்த சென்சார் வேண்டும். இது விலை குறைந்த பாகம், ஆனால் ஒப்பந்தக்காரரின் விலை மதிப்பீட்டில் அடிக்கடி விடுபடுவது இதுதான். அது இல்லாத கணினிக்கு, பூட்டைத் திறக்கச் சொன்னது தெரியும், கதவு திறந்ததா மூடியதா என்பது தெரியாது.

உரிமையை ஆளுக்கு ஆள் கொடுக்காமல் குழுவாகக் கொடுங்கள்: கணக்குப் பிரிவு, கிடங்கு, துப்புரவு என்று. துப்புரவுக் குழுவுக்கு நேரக் கட்டுப்பாடும் சேருங்கள். பொதுக் கார்டு, "விருந்தினர் கார்டு" என்று பெயரில்லாமல் சுற்றுவது இருக்கவே கூடாது.

மாறும் காலம்

முதல் இரண்டு வாரம் சாவியும் கார்டும் சேர்ந்தே இருக்கட்டும். அதன்பின் பலர் மறப்பது: பழைய சிலிண்டரை மாற்றுவது. கார்டு ரீடர் மாட்டிய கதவில் பத்து பேரின் பழைய சாவி இன்னும் திறக்குமானால், அந்தக் கதவின் பதிவுக்கு எந்த மதிப்பும் இல்லை. புதிய சிலிண்டருக்கு மூன்று சாவி மட்டும்: ஒன்று மேலாளரிடம், ஒன்று மூடிய உறையில், மூன்றாவது கட்டடத்துக்கு வெளியே நம்பகமான இடத்தில். மூன்றாவதின் காரணம், கன்ட்ரோலர் பழுதாகி எல்லாக் கதவும் பூட்டிக்கொண்டால் உறை உள்ளே மாட்டிக்கொள்ளும்.

ஏதாவது கோளாறு என்றால்

கார்டு காட்டினால் பீப் வருகிறது, மென்பொருளில் எதுவும் பதிவாகவில்லை: ரீடருக்குத் தனி பவர் சப்ளை கொடுத்து, அதன் மைனஸைக் கன்ட்ரோலரின் மைனஸோடு சேர்க்காமல் விட்டிருப்பார்கள். பதிவாகிறது, ஆனால் எண் தவறாக வருகிறது: வீகண்டின் பச்சை, வெள்ளைக் கம்பிகள் இடம் மாறியிருக்கும், அல்லது பிட் வடிவம் பொருந்தவில்லை. கார்டை ஒட்ட வைத்தால்தான் படிக்கிறது: ரீடர் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, பின்னால் தடித்த பிளாஸ்டிக் தகடு வையுங்கள். ஒரே சுவரின் இரு பக்கமும் ரீடர் நேருக்கு நேர் இருந்தாலும் இப்படி ஆகும். மின்னல் நாளில் மட்டும் கன்ட்ரோலர் போகிறது: மின் தரையிணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள், கேபிளின் உறைக்கவசம் கன்ட்ரோலர் முனையில் மட்டும் தரையிணைப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிரேக் கிளாஸையும் சோதனைச் சாவியால் இயக்கிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆட்கள் இருக்கும் நேரத்திலேயே மெயினை அணைத்து ஒரு மணிநேரம் பேட்டரியில் ஓட விடுங்கள். முடிவில் சுமையோடு 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் புதியது வாங்கும் காலம் வந்துவிட்டது. பேட்டரியின் மேல் மாட்டிய தேதியைப் பேனாவால் எழுதுங்கள், நன்றாக ஓடினாலும் மூன்று நான்கு ஆண்டில் மாற்றுங்கள். மாதச் சம்பளப் பட்டியல் வரும் நாளில், இயங்கும் கார்டுகளின் பட்டியலையும் அச்செடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்து டிக் போடுங்கள். சம்பளப் பட்டியலில் இல்லாத பெயர் கார்டுப் பட்டியலில் இருந்தால், காரணம் கேட்பதற்கு முன் கார்டை நிறுத்துங்கள்.